கன்னத்தில் வைத்துப் பார்த்த கை

கொளஞ்சிக்கு மூன்று நாளாக இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோனது. சனிக்கிழமை குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். அவள் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தண்ணீரை எடுத்துக் குடித்தார். வாயைத் திறந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது பதினெட்டு வருடத்தில் அவருக்குப் பாடமாகியிருந்தது.

எல்லாம் திரௌபதியின் வலது கையால் வந்தது. வியாழக்கிழமை அந்தக் கை ஒரு பலகையைக் கீழே போட்டது. சூளைக்குப் போகவிருந்த இருபத்துநான்கு பிள்ளையார் பொம்மைகள் தரையில் தூள்தூளாகிப் போயின. மேஸ்திரி சாமிதுரை கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "இன்னொரு தரம் இப்பிடி ஆச்சுன்னா வேற வேல பாத்துக்கம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். திரௌபதி அழவில்லை. கொளஞ்சியைத்தான் பார்த்தாள்.

"நீ சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம செய்யறேனேக்கா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் கொளஞ்சியைக் குடைந்துகொண்டிருந்தது.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் அந்தப் பொம்மை யூனிட்டுக்குக் கொளஞ்சி வந்து பதினேழு வருடம் ஆகிறது. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சூளைக்கு அனுப்புவது அவள் வேலை. காய்ந்ததா இல்லையா என்று பார்ப்பதற்கு அவளிடம் இருந்த கருவி அவளுடைய கன்னம்தான். பொம்மையை எடுத்து ஒரு நொடி கன்னத்தில் ஒட்டிவைப்பாள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஈரத்தோடு சூளைக்குள் போன பொம்மை வெடிக்கும். வெடித்தால் அக்கம்பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். பதினேழு வருடத்தில் அவள் "காஞ்சிருச்சு" என்று அனுப்பிய பொம்மை ஒன்றுகூட வெடித்ததில்லை. சாமிதுரையே ஏதாவது சந்தேகம் என்றால், "கொளஞ்சி கன்னம் என்னா சொல்லுது?" என்றுதான் கேட்பார்.

இந்தப் பெருமைதான் வினையாகப் போயிற்று. கன்னத்துக்குக் கிடைத்த மரியாதை தன் வாய்க்கும் சேர்த்துத்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுடைய வலது கைக்கே ஒரு தொல்லை வந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். படுத்தால் கை முழுக்க எறும்பு ஊறும். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியில் சோர்ந்து விழும். ஊசி, எண்ணெய், பற்று என்று அலைந்துவிட்டுக் கடைசியில் ஜங்ஷன் ரோட்டில் பிசியோதெரபி சென்டர் வைத்திருக்கும் மோகனப்பிரியாவிடம் போய்ச் சேர்ந்தாள். சின்ன வயசுப் பெண்; பார்த்தால் காலேஜில் படிக்கிற பிள்ளை மாதிரி இருப்பாள். ஆனால் கையைத் தூக்கச் சொல்லி, திருப்பச் சொல்லி, கழுத்தைச் சாய்க்கச் சொல்லி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் பேசினாள். ஒரு தாளில் படம் போட்டு ஏழு பயிற்சி எழுதிக் கொடுத்தாள். நான்கு மாதத்தில் கொளஞ்சியின் கை பழையபடி ஆனது.

"இது உங்க கைக்கு எழுதினதுக்கா. உங்களுக்கு மட்டும்" என்று அந்தப் பெண் சொல்லித்தான் கொடுத்தாள். ஆனால் அந்த யூனிட்டில் "எனக்கு மட்டும்" என்று ஒரு பொருள் கிடையாது. பொம்மைக்குக் கண் எழுதும் மேஜையில் ஆறு பெண்களுக்கு ஒரே மூக்குக்கண்ணாடி சுற்றிவரும். ஒருத்திக்குக் கேட்ட மாத்திரையை மற்றவள் பாதி உடைத்து வாங்கிக்கொள்வாள். கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்துகூட முந்தானையில் முடிந்து கை மாறும். கொளஞ்சி அந்தத் தாளை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுத்தாள். ஒன்றைப் பேக்கிங் ரூம் சுவரில் ஒட்டினாள். கை வலி, தோள் வலி என்று யார் வாயைத் திறந்தாலும், "எனக்கு வந்ததேதான்டி" என்று அவளைச் சுவரைப் பார்க்க நிறுத்திவிடுவாள். சிலருக்கு நன்றாகவும் ஆயிற்று. அது போதாதா அவளுக்கு!

திரௌபதி வந்தது போன வருடம். முப்பது வயதுகூட ஆகவில்லை. நல்லூர் பக்கம் வீடு. புருஷன் லாரியில் மாதத்தில் இருபது நாள் வடக்கே போய்விடுவான். அச்சில் பீங்கான் கூழ் ஊற்றுவாள்; நடுநடுவே பொம்மை அடுக்கிய நீளப் பலகையை வலது தோளில் வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, சூளை வண்டியின் மேல் தட்டில் ஏற்றுவாள். ஒரு நாளைக்கு எண்பது தொண்ணூறு நடை. கொலு ஆர்டர் வந்துவிட்டால் நூறைத் தாண்டும். மூன்று மாதத்துக்கு முன்பு ஒருநாள் அவள், "கையத் தூக்குனா செத்துப்போவுதுக்கா. எறக்குனா கொஞ்ச நேரத்துல வருது" என்றாள்.

"எனக்கு வந்ததேதான்டி" என்றாள் கொளஞ்சி.

எந்த விரல் என்று கேட்டாளா? கேட்கவில்லை. படுக்கும்போதா, வேலை செய்யும்போதா என்று கேட்டாளா? அதுவும் இல்லை. தூக்கினால் வலிக்கிறது என்று சொன்னவளை, "தூக்குறதுக்குப் பயந்தா எப்பிடி? இன்னும் பத்து தரம் தூக்கு" என்று விரட்டினாள். கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே குழியில் கட்டியாக ஏதோ விரலில் தட்டியது. "பாத்தியா, சுளுக்கு முடிச்சு" என்று நல்லெண்ணெய் விட்டுக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். திரௌபதி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படித் தேய்க்கும்போது ஒருநாள் அவளுடைய கை கொளஞ்சியின் கன்னத்தில் பட்டது. சில்லென்று இருந்தது. "நாளெல்லாம் மண்ணுக் கூழுல கெடக்கிற கை வேற எப்பிடி இருக்கும்" என்று அதைத் தள்ளிவிட்டுத் தேய்த்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அந்தச் சில்லிப்புதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. அது ஏன் வருகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திரௌபதி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கிளம்பினாள். பிராது கட்டத்தான். களவு போனாலும், காணாமல் போனாலும், யாராவது கெடுதல் செய்துவிட்டாலும் அந்தச் சாமிக்கு ஒரு மனு எழுதி, முனியப்பர் முன்னால் வேலில் கட்டிவிட்டு வருவது அந்தப் பக்கத்து வழக்கம். மூன்று நாள், மூன்று வாரம், இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் சாமி விசாரித்துவிடும் என்பார்கள். திரௌபதிக்கு ஓரகத்தி அம்புஜவல்லி மேல் சந்தேகம். வரப்புத் தகராறில் அவள் ஏதோ செய்வினை வைத்துவிட்டாள் என்று மாமியார் ஓதியிருந்தாள்.

"என்னால பேனா புடிக்க முடியலக்கா. நீ வந்து எழுதிக் குடு" என்று கூப்பிட்டதும் கொளஞ்சி மறுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பாத்திரத்தை உருட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.

கோயிலில் நல்ல கூட்டம். கல் மண்டபத்தில் ஒரு தூணோரமாக உட்கார்ந்து, தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு எழுதினாள். திரௌபதி சொல்லச் சொல்ல எழுதினாள்.

"கொளஞ்சியப்பர் சாமிக்கு, திரௌபதி எழுதிக்கொள்ளும் பிராது. மூன்று மாதமாக என் வலது கை எனக்கு அடங்கவில்லை. பலகை பிடிக்க முடியவில்லை, பிள்ளைக்குச் சோறு பிசைய முடியவில்லை. என் கையை இப்படி ஆக்கியது யாராக இருந்தாலும்..."

அந்த இடத்தில் பேனா நின்றது.

"ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. மை வரல" என்று பேனாவை உதறிக்கொண்டு மீதியையும் எழுதினாள் கொளஞ்சி. "...அவர்களைச் சாமி கூப்பிட்டுக் கேட்க வேண்டும்."

சன்னதிக்குப் போகும் முன் கை கால் கழுவக் குழாயடிக்குப் போனார்கள். முதல் நாள் ராத்திரி மழை பெய்து தண்ணீர் ஜில்லென்று வந்தது. திரௌபதி குனிந்து முகம் கழுவி, இரண்டு கையையும் நீட்டி உதறினாள். கொளஞ்சி அப்போதுதான் பார்த்தாள்.

யூனிட்டில் எல்லார் கையும் எந்நேரமும் வெள்ளைதான். பீங்கான் கூழ் காய்ந்து முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். வேலை முடிந்து அவரவர் அவசரத்தில் கழுவிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுவார்கள். திரௌபதியின் கையை மண் இல்லாமல் கொளஞ்சி பார்த்ததே கிடையாது. இன்று காலையில் குளித்து, மஞ்சள் பூசி வந்தவள். இடது கை மாநிறமாக, கை மாதிரி இருந்தது. வலது கையில் விரல்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. மண் இல்லை. தோலே வெளுத்திருந்தது.

"ஏண்டி, என்னாடி இது?"

"தண்ணி பட்டா அப்பிடித்தான்க்கா வெளுக்குது. அப்பறம் சரியாவும். சூளை வண்டியில ஏத்தும்போதும் வரும். நாளெல்லாம் கூழுல கெடக்குது, மண்ணு உள்ள ஊறிப்போச்சு போலன்னு நெனச்சேன்."

ஆள்காட்டி விரலின் நுனியில், நகத்துக்குக் கீழே, கடுகு போல இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

"இது?"

"பொம்மைக்குக் கண்ணு வெக்கிற மையி. எங்கயோ ஒட்டிக்கிச்சு, தேச்சாலும் போவல."

கொளஞ்சி யோசிக்கவே இல்லை. பதினேழு வருடப் பழக்கம். திரௌபதியின் இரண்டு கைகளையும் பிடித்துத் துடைத்து, ஒன்றை இந்தக் கன்னத்திலும் ஒன்றை அந்தக் கன்னத்திலும் வைத்துக்கொண்டாள். ஒரே குழாய், ஒரே தண்ணீர், ஒரே உடம்பு. இடது கை கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பானது. வலது கை அச்சிலிருந்து அப்போதுதான் பிரித்த பொம்மையாக இருந்தது. எவ்வளவு நேரம் வைத்தும் சூடு வரவில்லை. எத்தனையோ ஆயிரம் பொம்மைகளில் சரியாகச் சொன்ன கன்னம், அன்றைக்கே சொல்லியும் அவள் கேட்காமல் விட்ட கன்னம், இப்போது இரண்டாவது தரம் சொன்னது.

மோகனப்பிரியாவுக்குப் போன் போட்டாள். அவள் ஸ்ரீமுஷ்ணத்தில் ஏதோ கல்யாணத்தில் இருந்தாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. கொளஞ்சி முன்னுக்குப் பின்னாகக் கொட்டித் தீர்த்தாள்.

"அக்கா, இருங்க, இருங்க. கை வீங்கியிருக்கா? நீலமா, ரத்தக் குழாய் பொடைச்சுக்கிட்டு?"

"வீக்கம்லாம் இல்ல மேடம். வெள்ளையா, சில்லுனு இருக்குது."

"கட்டைவிரல் பக்கமா மணிக்கட்டுல ரெண்டு விரல் வெச்சு நாடி பாருங்க. மொதல்ல நல்ல கையில. அப்பறம் அந்தக் கையில."

இடது கையில் துள்ளியது. வலது கையில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பிறகு எங்கோ மெலிதாக, விட்டு விட்டு. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அதுவும் இல்லை.

"தூக்கினா கொறையறது சில பேருக்குச் சும்மாவே இருக்கும். எறக்கியும் வரலன்னா, சில்லுனு வெள்ளையா இருக்குன்னா, கறுப்புப் புள்ளி வேற இருக்குன்னா..." நாதஸ்வரம் தூரமாகப் போனது, எங்கோ வெளியே வந்துவிட்டாள் போல. "அக்கா, கழுத்துலேருந்து கைக்குப் போற வழி ஒரு சந்து மாதிரி. அதுல நரம்பு போகுது. கைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் போகுது. ரத்தத்தத் திருப்பிக் கொண்டுவர்ற குழாய் வருது. சந்து நெருக்குனா யாரு மாட்டுறாங்கன்னு பாக்கணும். உங்களுக்கு மாட்டுனது நரம்பு, அதான் மரமரப்பு. அதான் ரொம்பப் பேருக்கு வரும். திரும்பி வர்ற குழாய் மாட்டுனா கை வீங்கி நீலமாயிடும். இவங்களுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் மாட்டியிருக்கு போல. இது அபூர்வம். இருக்கறதுலயே இதுதான் ஆபத்து. உள்ள ரத்தம் கட்டிக்கிட்டு, துண்டு துண்டா வெரலுக்குப் போய் அடைக்குது. புள்ளி அதான். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்கு இல்ல, இப்ப. கையத் தேய்க்காதீங்க, சுடுதண்ணி ஊத்தாதீங்க. பயிற்சி ஏதாவது செஞ்சாங்களா?"

"செஞ்சா மேடம்" என்றாள் கொளஞ்சி.

"எந்தப் பயிற்சி?"

கொளஞ்சி போனை வைத்துவிட்டாள்.

திரௌபதி மடித்த தாளை இடது கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் பத்துப் பேர் இருந்தார்கள்.

"வாடி போலாம்."

"பிராது கட்டிட்டு வரேன்க்கா. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமும் இல்ல, ஒரு நிமிஷமும் இல்ல. கை போயிடும்டி!"

"சாமி வாசல்ல நின்னுக்கிட்டு இப்பிடிப் பேசாத" என்று திரௌபதிக்குக் கோபம் வந்தது. "மூணு மாசமா நீ சொன்னதக் கேட்டேன். இன்னைக்கு ஒரு நாளு நான் சொல்றதக் கேளு."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொளஞ்சி அவளுடைய கையிலிருந்து தாளைப் பிடுங்கித் தன் பைக்குள் திணித்தாள். இடது கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "யாரைச் சாமி கேக்கணுமோ அவளே உன்ன இழுத்துக்கிட்டுப் போறா, வா" என்றாள். திரௌபதிக்கு அது விளங்கவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். கொளஞ்சி நிமிடத்துக்கு ஒரு தரம் அவளுடைய மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள், நாடி கிடைக்கவில்லை என்றதும் டிரைவரை விரட்டினாள். டிரைவர் என்ன செய்வான் பாவம், ரயில்வே கேட் மூடியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் கையைப் பார்த்ததுமே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்: கழுத்தெலும்பிலிருந்து ஒரு விலா எலும்பு, இருக்கக் கூடாத இடத்தில், குட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. "பொறக்கும்போதே இருக்கறதும்மா. சில பேருக்கு இருக்கும், ஒண்ணும் செய்யாது. இவங்க தோள்ல செமந்து, கைய மேல தூக்கி வேல செய்யறாங்கல்ல, அது ரத்தக் குழாய நசுக்கிடுச்சு."

கொளஞ்சி அந்த எலும்பு இருந்த இடத்தைப் பார்த்தாள். கழுத்துப்பட்டைக்கு மேலே, அந்தக் குழியில். நல்லெண்ணெய் விட்டு அவள் கட்டைவிரலால் தேய்த்த சுளுக்கு முடிச்சு அதுதான்.

ரத்தம் மேலும் கட்டாமலிருக்க ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அன்றைக்கே ஆபரேஷன் செய்து அடைப்பை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து எலும்பை எடுத்து, குழாயைச் சரிசெய்தார்கள். புருஷன் நாக்பூரிலிருந்து வந்து சேர்ந்தான்.

அந்த வாரம் கொளஞ்சி யூனிட்டுக்குப் போனதும் போகாததும் ஒன்றுதான். பேக்கிங் ரூம் சுவரிலிருந்த தாளைக் கிழித்தாள், பசை போட்டு ஒட்டியிருந்ததால் பாதி சுவரிலேயே நின்றது, கத்தியால் சுரண்டினாள். ஜெராக்ஸ் வாங்கிய ஒன்பது பேரிடமும் திரும்பக் கேட்டாள். "எனக்கு நல்லாத்தானக்கா கேக்குது" என்று ஒருத்தி தர மறுத்தபோது சண்டை போட்டே பிடுங்கினாள். ஒரு பொம்மையைக் கன்னத்தில் வைத்துவிட்டுக் காய்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாமல், மறுபடி வைத்து, மறுபடி வைத்து, கடைசியில் சாமிதுரையிடமே கொடுத்துவிட்டாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டுப் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். வார்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோனது.

திரௌபதி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோளிலும் கழுத்திலும் கட்டு. வலது கை மடியில் கிடந்தது, விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஒக்காருக்கா."

கொளஞ்சி உட்காரவில்லை. பையைத் திறந்து, அந்த மடித்த தாளை எடுத்து நீட்டினாள். திரௌபதி இடது கையால் வாங்கிப் பிரித்தாள். அவள் சொல்லி எழுதியதேதான். "என் கையை இப்படி ஆக்கியது யாராக இருந்தாலும்" என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு அடித்து, மேலே "கொளஞ்சி" என்று எழுதியிருந்தது.

"அந்த எலும்பு நான் வெச்சது இல்ல" என்றாள் கொளஞ்சி. "ஆனா வீணாப்போன மூணு மாசம் நான் வெச்சதுதான். ஒன் கை சில்லுனு இருந்தது எனக்கு அன்னைக்கே தெரியும்டி. கன்னத்துல பட்டுது. நான் கேக்கல. எனக்கு வந்ததுதான் எல்லாருக்கும் வரும்னு திமிரு. நீயே கொண்டுபோயிக் கட்டு. நான் தடுக்கமாட்டேன்."

திரௌபதி அந்தத் தாளை இன்னொரு தரம் படித்தாள். பிறகு ஒரு கையாலேயே அதை மடித்தாள், சரியாக மடியவில்லை, அப்படியே தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ தேச்சப்ப எவ்வளவு வலிச்சுது தெரியுமாக்கா" என்றாள்.

"தெரியாது."

"நீ இழுத்துக்கிட்டு வரலன்னா முழங்கையோட எடுத்திருப்பாங்களாம். டாக்டரு சொன்னாரு." இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். எது பெரிது என்று அவளும் இன்னும் முடிவு செய்யவில்லை போலிருந்தது. "கட்டறதா வேணாமான்னு பாக்கலாம். சாமிக்கே மூணு மாசம் ஆவுது."

பிறகு வலது கையை மெதுவாக, இடது கையால் தாங்கித் தூக்கினாள். "இங்க எல்லாரும் நல்லா ஆயிடும், நல்லா ஆயிடும்ன்றாங்க. ஒருத்தரும் நேரா சொல்ல மாட்டேங்கறாங்க. நீ பாத்துச் சொல்லு."

கொளஞ்சி குனிந்தாள். விரல்கள் அவளுடைய கன்னத்தில் வந்து படிந்தன. சுண்டு விரல் வெதுவெதுப்பாக இருந்தது. மோதிர விரல், நடுவிரல், கட்டைவிரல், எல்லாம் சூடு. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் சில்லென்று இருந்தது. அவள் கன்னத்தை எடுக்காமல் காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். சூடு வரவில்லை. "எல்லாம் காஞ்சிருச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இருவருக்கும் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

"நாலு காஞ்சிருச்சு" என்றாள் கொளஞ்சி. "ஒண்ணு காயல."

திரௌபதி கையை எடுக்கவில்லை. "எது?" என்று மட்டும் கேட்டாள்.